100-400ஆ, 200-600ஆ? அணிவகுத்துப் பறக்கும் விமானங்களுக்கு என் ஓட்டு

காரைக்குடி வட்டாரத்தில் விமானப் படக் கிறுக்குப் பிடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில பேருக்குள்ளேயே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: சோனி கேமராவுக்கு 100-400 மி.மீ. ஜிஎம் ஜூம் லென்ஸ் வாங்குவதா, 200-600 மி.மீ. ஜி லென்ஸ் வாங்குவதா? நான் 100-400 வாங்கிவிட்டேன். அதனால் இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 200-600 எனக்கு இரவல் பழக்கம்தான். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக வாங்கி வைத்திருக்கிறார்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். 200-600 விலை குறைவு, எட்டும் தூரம் அதிகம். ஜூம் செய்தால் குழல் நீளாது. எடை 2,115 கிராம். 100-400 எடை 1,395 கிராம், வெளிச்சம் நுழையும் அதிகபட்சத் துளை அரை ஸ்டாப்புக்குள் கொஞ்சம் பெரிது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), பைக்குள் அடங்கும். ஃபோகஸ் பிடிக்கும் வேகத்தில் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தனியாக வரும் சுகோய் போர் விமானத்துக்கு 200-600தான். அதில் வாதமே இல்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. 22 மீட்டர் நீள விமானம் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது, 600-ல் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். 400-ல் கால் பங்குதான். (தளத்து வேலி ஓரமாகப் போய் கேமராவைத் தூக்க வேண்டாம். படம் வராது, வம்புதான் வரும்.)

ஆனால் எனக்கு வேண்டியது வேறு. பழைய விமானமும் புது விமானமும் சேர்ந்து வரும் அணிவகுப்பு. விமானப்படையின் பழைய புரொப்பல்லர் விமானமான டகோட்டா விபி 905-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகருக்கு முதல் படையினரை இறக்கிய விமானத்தின் எண்ணைத் தாங்கிப் பறக்கிறது. குடியரசு தின அணிவகுப்புகளில் இரண்டு டோர்னியர் விமானங்கள் இரு பக்கமும் வர, ‘டங்கைல்’ என்ற பெயரில் வி வடிவத்தில் போயிருக்கிறது. 1971 டிசம்பர் 11-ல் டங்கைலில் நடந்த பாராசூட் இறக்கத்தின் நினைவாக வைத்த பெயர். அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் கால பி-51 மஸ்டாங்கோடு இன்றைய ஜெட்டான எஃப்-22 பறப்பதும் இதே வகைதான். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது கிழவன். ஜெட் மூக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும்.

இந்த மாதிரிக் கூட்டம் நேராகத் தலைக்கு அருகில் வரும்போது 200 மி.மீ. என்பது, காரைக்குடிச் சந்தில் நின்றுகொண்டு எதிர்வீட்டு முகப்பை முழுசாகப் படம் பிடிக்கப் பார்ப்பது போலத்தான். கணக்குப் போட்டால், முழு ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 500 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. காட்டும் அகலம் 90 மீட்டர். டகோட்டா ஒன்றின் இறக்கையே 29 மீட்டர். இரண்டு பக்கமும் டோர்னியர், நடுவில் இடைவெளி, சுற்றிலும் கொஞ்சம் வானம். எங்கே அடங்கும்? 100-ல் 180 மீட்டர் கிடைக்கும். விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் ஜெட்டுகளும் ஒட்டி வரும் வரை 200 போதும். பூ விரிந்த மாதிரிப் பிரிந்து ஓடும் நொடியில் போதாது.

சரி, அதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை 100-400 பக்கம் சாய்த்தது ஷட்டர் வேகம்தான்.

ஜெட்டுக்கு 1/2000 நொடி வைத்தால் கவலையில்லை. அதே வேகத்தில் டகோட்டாவை எடுத்தால் புரொப்பல்லர் நின்றுபோய், விமானம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையாகத் தெரியும். பயண வேகத்தில் அந்தப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 சுற்று சுற்றுகிறது. 1/1000-ல் ஒரு தகடு நகர்வது சுமார் 7 பாகை. 1/125-க்கு இறங்கினால் 58 பாகை. மூன்று தகடு என்பதால் வட்டத்தில் பாதி நிரம்பி, சுழல்வது கண்ணுக்குத் தெரியும். விமானப்படையின் சாரங் சாகசக் குழு ஹெலிகாப்டர்களுக்கு 1/60 வரைகூட இறங்கலாம். கலப்பு அணிவகுப்பில் ஜெட்டையும் இந்த மெதுவான ஷட்டரில்தான் எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை.

இப்போது சென்னைக் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசக் காட்சி பகல் 11 மணிக்குத் தொடங்கியது. பழைய டகோட்டாவும் ஹார்வர்டும், புது ஜெட்டான ரஃபேலும் ஒரே நாளில். அந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 என்றால் துளையை எஃப்/14-க்குச் சுருக்க வேண்டும் (எஃப் எண் பெரிதானால் துளை சிறிது). படம் மழுங்கத் தொடங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசும் நீல வானத்தில் புள்ளியாக வந்து உட்காரும். ஆகவே வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு எஃப்/7.1-ல் எடுக்கிறேன். தேர்வு இங்கேதான் முடிவாயிற்று. 100-400-க்கு ஃபில்டர் அளவு 77 மி.மீ.; கல்யாணப் படம் எடுக்கிறவர் எவர் பையிலும் கிடக்கும், அவசரத்துக்குக் கைமாற்று வாங்கலாம். 200-600-க்கு 95 மி.மீ. விலையும் அதிகம், இந்தப் பக்கம் கடையில் கேட்டால் “ஆர்டர் போட்டுத்தான் தம்பி வரும்” என்பார்கள். ரஃபேல் வரும்போது கழற்றி, டகோட்டா வரும்போது மாட்டும் விளையாட்டை அவ்வளவு பெரிய கண்ணாடியோடு கூட்ட நெரிசலில் விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை.

எடை விஷயத்தில் 200-600-க்கு நியாயம் செய்ய வேண்டும். முதல் பத்து நிமிடம் கனமான லென்ஸ்தான் பேனிங்கில், அதாவது விமானத்தைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது, நிதானமாகத் திரும்புகிறது. ஜூம் செய்தாலும் எடை முன்னுக்குப் போவதில்லை. அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் விமானங்கள் உச்சி வானத்துக்கு ஏறும்போது முழங்கை நெஞ்சிலிருந்து விலகிவிடும். அதற்கப்புறம் 1/125-ல் கிடைப்பதெல்லாம் ஆட்டம்தான். விமானக் கூட்டம் திரும்பும்போது கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே வேகத்தில் நகராது என்பதால், கை ஆடாவிட்டாலும் ஓரத்து விமானம் லேசாகக் கலங்கும். அதற்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை. வரிசையாக நிறைய எடுத்துப் பொறுக்க வேண்டியதுதான்.

100-400-ன் குறை பராமரிப்பில் இருக்கிறது. குழல் நீண்டு சுருங்கும்போது காற்றை இழுக்கும். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியில் அது நல்லதில்லை. நீட்டிய குழலைத் துடைத்த பிறகே சுருக்குகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் சிலிகா ஜெல் போட்ட முறுக்கு டின்னுக்குள் போய்விடும். இதுவரை பூஞ்சை இல்லை, நாலைந்து வருடம் கழித்து எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கடலோரத்தில் குடியிருப்பவராக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே 200-600 பக்கம் போவதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சின்னது) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 200 என்பது 300 போல ஆகிவிடும். அவர்கள் அணிவகுப்புக்கு 200-600-ஐ நினைக்கவே வேண்டாம். முழு ஃபிரேம்காரருக்கு 400 எட்டவில்லை என்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டு 560 வரை போகலாம். துளை எஃப்/8 ஆகிவிடும், மெரினா வெயிலில் அது ஒரு பொருட்டில்லை. பறவையும் தனி ஜெட்டும்தான் உங்கள் ஆசை என்றால் அண்ணன் பேச்சைக் கேளுங்கள்.