ராயபுரத்தில் இருந்துகொண்டு எந்தத் தலைப்பை எடுப்பது?

முதுகலையில் இறையியலோ கிறிஸ்தவவியலோ படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்கட்டுரைக்கு யோசனை கேட்டு வரும்போது, "தமிழகத்தில் மிஷனரிகளின் பண்பாட்டுப் பணி" என்பது போல ஒன்றை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அத்தனை வருடத்துக் கதையை முப்பது பக்கத்தில் எப்படி அடக்குவது? வடசென்னைப் பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்திலேயே மூன்று நல்ல தலைப்புகள் கிடக்கின்றன. சான்று எங்கே இருக்கிறது, அதில் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

ரெய்னி ஆஸ்பத்திரியைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஸ்காட்லாந்து மிஷன் டாக்டர் மெடில்டா மக்ஃபெயில் ராயபுரத்தில் பெண்களுக்காக வளர்த்த மருத்துவமனை. பெண்களை ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிய காலம் அது. ஆனால் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வெளிநாட்டு மிஷன் ஆவணங்கள் எடின்பரோவில், அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அச்சிட்ட அறிக்கைகள் இங்கே கிடைத்தாலும், அவை காணிக்கை கொடுத்தவர்களுக்காக எழுதியவை. படுக்கையில் இருந்த தமிழ்ப் பெண் என்ன நினைத்தாள் என்று அவற்றில் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு பருவத்துக்குள் இது வேண்டாம்.

இரண்டாவது தலைப்பு, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இது முதலாவதற்கு நேரெதிர். சான்றே மனிதர்கள்தான். கடற்கரை மக்களின் நேர்ச்சை, தேர், படகு மந்திரிப்பு என்று கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். ஆனால் தடைக்காலம் என்றால் வருமானம் இல்லாத காலமும்கூட. அந்த நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு போய் நிற்பவருக்குப் பொறுப்பு அதிகம். சம்மதம் வாங்க வேண்டும், எழுதியதைத் திரும்பப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. பிஎச்.டி. அளவுக்கு இதைவிட நல்ல களம் இல்லை. நாலு மாதத்தில் அவசரமாகச் செய்தால் அந்த மக்களுக்கு நியாயம் செய்ய முடியாது.

நான் கைகாட்டுவது மூன்றாவதை: சொற்கள். ராயபுரம் என்ற பெயரையே எடுங்கள். கத்தோலிக்கத் தமிழில் இராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. படகுத் தொழிலாளர்கள் கட்டிய இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. யோவான் என்ற எபிரெயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்று பொருள் வருவதால் அவர் அருளப்பர் ஆனார். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அவர் சின்னப்பர். சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டன்டுகள், அதே ஆட்களை பேதுரு, யோவான், பவுல் என்றே வைத்துக்கொண்டார்கள். பொருளைத் தமிழாக்குவதா, ஒலியைக் காப்பதா? பண்பாடு கடந்த பணியின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கடவுளுக்கு வைத்த சொல் இன்னும் ஆழமான விஷயம். 1715-இல் தரங்கம்பாடியில் பைபிளின் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், கத்தோலிக்கர் வழக்கில் இருந்த சர்வேசுரன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் பைபிளை மொழிபெயர்த்த, வேப்பேரியில் வாழ்ந்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் பராபரன் என்றார். புராட்டஸ்டன்டுகளின் 1871 மொழிபெயர்ப்பான ஐக்கியத் திருப்புதலில் தேவன் வந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து செய்த 1995 பொது மொழிபெயர்ப்பில் கடவுள். பப்ரிசியஸுக்குக் கிடைத்த அச்சு இயந்திரமே 1761-இல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொண்டுவந்தது என்பதை மறக்கக் கூடாது. சொல்லுக்குப் பின்னால் போரும் இருக்கிறது.

சான்றுகளும் எட்டும் தூரத்தில்தான். கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரி, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். பப்ரிசியஸ் அகராதியை இணையத்திலேயே புரட்டலாம். சரி, இது வெறும் ஏட்டு வேலையாகிவிடாதா என்றால், அதற்கும் வழி உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரம் ஒன்றை மட்டும் எடுத்துப் பழைய, புதிய பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அப்புறம் ஒரு கத்தோலிக்கக் கோயில், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, இரண்டிலும் ஐந்தைந்து பெரியவர்களிடம் கேளுங்கள்: "தனியா ஜெபிக்கும்போது அவரை என்னன்னு கூப்பிடுவீங்க?" ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே ராயபுரம் போய் அறிமுகமாகிக்கொள்வது நல்லது.