பின்சக்கர சொகுசுக் கார்: வின்டர் டயரா, ஆல்-வீல் டிரைவா?

டொராண்டோவில் முதல் பனி விழுந்ததும், பின்சக்கர இழுவைக் கார் (எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுவது) வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "இதை வித்துட்டு ஆல்-வீல் டிரைவ் வாங்கு." ஆல்-வீல் டிரைவ் என்றால் எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுழற்றும். இரண்டையும் பனியில் ஓட்டியிருக்கிறேன்.

கிளம்புவதில் ஆல்-வீல் டிரைவ்தான் கெட்டி. பனி வழிக்காத தெருவிலும் ஏற்றத்திலும் திணறாமல் நகரும். அதே ஏற்றத்தில் பின்சக்கரக் காரின் பின்பக்கம் லேசாக ஆடும், சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்‌ஷன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

நிறுத்துவது வேறு விஷயம். பிரேக் எந்தக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. எஞ்சின் எத்தனை சக்கரத்தைச் சுழற்றினாலும் அங்கே உதவாது, டயர்தான் உதவும். 7 டிகிரிக்குக் கீழே எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிருக்கென்றே செய்த வின்டர் டயர் மெத்தென்றே இருக்கும். ஆல்-சீசன் டயர் போட்ட ஆல்-வீல் காரில் ஒருமுறை சிவப்பு விளக்கை நெருங்கினேன். பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. கார் கோட்டைத் தாண்டி வழுக்கிப் போய்த்தான் நின்றது. எதிரே யாரும் வராதது என் நல்ல நேரம்.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்புறுதியில் தள்ளுபடி உண்டு.

இரண்டும் இருந்தால் நல்லதுதான். ஒன்றுக்குத்தான் காசு என்றால், மலையும் பனித்துகளும் முத்திரையாகப் பொறித்த வின்டர் டயரை வாங்கிப் பின்சக்கரக் காரையே வைத்துக்கொள்வேன். வீட்டு வாசல் செங்குத்தான சரிவு என்றால் மட்டும் ஆல்-வீல் பக்கம் போங்கள், அதற்கும் வின்டர் டயரோடு.