3டி டிவியும் என் கண்ணும்: பல வருட அனுபவம்

3டி டிவி தயாரிப்பைப் பெரிய நிறுவனங்கள் 2017 வாக்கிலேயே கைவிட்டுவிட்டன. என்னிடம் இருப்பது அதற்கு முன்பே வாங்கியது. போலரைஸ்டு கண்ணாடி (இடது, வலது கண்ணுக்கு வெவ்வேறு படத்தைப் பிரித்துக் காட்டுவது) போட்டுப் பார்க்கும் வகை, ஃபுல் எச்டி. இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது.

இந்த வகையில் திரையின் 1080 கிடைவரிகளில் ஒரு கண்ணுக்கு 540 தான் போகும். பார்க்கும்போது படம் பாதியாகிவிட்டதாகத் தோன்றுவதில்லை, இரண்டையும் மூளை சேர்த்துக்கொள்கிறது. ஒரு கண்ணின் படம் சற்று மங்கினாலும் தெளிவான படமே மேலோங்கித் தெரியும். ஒரு கண்ணுக்கான வீடியோவை மட்டும் கூடுதலாகச் சுருக்கும் (தரவைக் குறைக்கும்) முறைகள் இதை நம்பித்தான் வந்தன. கட்டம் கட்டமாக உடைந்த படத்துக்கு மட்டும் கண் இந்தச் சலுகையைத் தராது.

உண்மையான தொல்லை கண் வலிதான். நிஜ உலகில் ஒரு பொருளைப் பார்க்க கண்கள் எவ்வளவு உள்நோக்கித் திரும்புகின்றனவோ, அதே தூரத்துக்கு லென்ஸும் ஃபோகஸ் செய்யும். 3டியில் பந்து முகத்துக்கு நேரே வரும், கண்கள் அதை நோக்கித் திரும்பும், ஃபோகஸ் மட்டும் திரையிலேயே நிற்க வேண்டும். இந்த இழுபறி நீடித்தால் நெற்றி கனக்கும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, டிவியின் டெப்த் அளவை (3டி ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பாதிக்குக் கீழே வைத்தபின் முழுப்படமும் நிம்மதியாகப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் அதை உச்சத்தில் வைத்துக் காட்டுவது ஏன் என்று இன்றும் புரியவில்லை! புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. படத்தைப் பெரிதாக்கினால் இடது, வலது பிம்பங்களின் இடைவெளியும் பெரிதாகும். தொலைவுக் காட்சியில் அது கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டினால் (பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ., குழந்தைகளுக்கு இன்னும் குறைவு) கண்கள் வெளிப்பக்கம் விலக வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் கண்ணுக்கே கிடையாது.

சப்டைட்டில் தனி எரிச்சல். எழுத்து திரை மட்டத்தில் இருக்கும், ஒருவர் நீட்டும் கை அதற்கு முன்னால் வரும், ஆனாலும் எழுத்துதான் கையை மறைக்கும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை எப்படி மறைக்கும்? மூளை ஒரு கணம் திணறுகிறது. சப்டைட்டிலையும் முன்னே கொண்டுவரும் வசதி பிளேயரில் இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள்.

அப்புறம், கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் பக்கத்தில் பேய் உருவம்போல் இன்னொன்று தெரியும். உயரத்தில் மாட்டியிருந்த டிவியைக் கண் மட்டத்துக்கு இறக்கியதும் அது பெருமளவு போய்விட்டது. சோபாவில் ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பதும் சரிவராது. கண்கள் மேலும் கீழுமாக இருக்கும்போது, பக்கவாட்டில் விலகிய பிம்பங்களை ஒன்றாக்க முடியாமல் இரண்டாகத்தான் தெரியும்.

பழைய டிவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மாறுகண் உள்ளவர்கள் சிலருக்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் ஆழம் தெரியாது. வீட்டில் எல்லோரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.