"செட் பண்ணியாச்சு, இழுத்தால் போதும்": பழைய ரீலோடிங் பிரெஸ் வாங்குகிறவர்கள் உஷார்

டெக்சஸில் டல்லாஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் பழைய ரீலோடிங் பிரெஸ் (சுட்ட தோட்டாக் கூட்டைத் திரும்ப நிரப்பும் கருவி) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். டில்லன் எக்ஸ்எல் 650, கேஸ் ஃபீடரோடு (காலிக் கூடுகளைத் தானாக இறக்கும் பகுதி), 9 எம்எம் தோட்டாவுக்கு முழுசாக செட் செய்தது, கூடவே பிரைமர், பவுடர், பிராஸ் எல்லாம் சேர்த்து 1,100 டாலர் என்று ஒரு தனியாள் விளம்பரம் போட்டிருந்தார். வாங்கினேன். பிரெஸ்ஸைத் தயாரித்த கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வில்லங்கம் முழுக்க விற்ற ஆளுடையது. பணம் போனதைவிட, அவர் "இனாம்" என்று சொல்லிக் கையில் திணித்த சாமான்கள்தான் என்னை இதை எழுத வைத்தன.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்: பித்தளைக் கூடு (நாங்கள் பிராஸ் என்போம்), அதன் அடியில் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி), உள்ளே பவுடர் (வெடிமருந்து), மேலே புல்லட் (பறந்து போகிற குண்டு). சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதைத் திரும்ப நிரப்புவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய உரிமம் தேவையில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் நிறைய பேர் செய்கிறார்கள். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளை நடத்தும் ஓர் அமைப்பு) போட்டியில் மைனர் என்ற லேசான தோட்டாக் கணக்குக்கு பவர் ஃபேக்டர், அதாவது தோட்டாவின் வலுவைக் காட்டும் எண், 125 வர வேண்டும். புல்லட்டின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அளவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 124 கிரெயின் புல்லட் 1,050 அடி வேகத்தில் போனால் 130 வரும். கடைத் தோட்டா இதைவிடக் காரமாக இருக்கும், கையும் வலிக்கும், விலையும் வலிக்கும்.

ஒற்றை நிலைப் பிரெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். 650 போன்ற புரொகிரசிவ் பிரெஸ்ஸில் வட்டமான ஷெல்பிளேட்டில் ஐந்து கூடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு ஒரு நிலை நகரும், எல்லாக் கூட்டுக்கும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். முதல் நிலையில் பழைய பிரைமர் வெளியேறிக் கூடு அளவுக்கு வரும். இரண்டாவதில் புதுப் பிரைமர் ஏறும், பவுடரும் விழும். மூன்றாவது பவுடர் அளவைச் சரிபார்க்கும் பவுடர் செக், நான்காவதில் புல்லட் உட்காரும், ஐந்தாவதில் கூட்டின் வாய் புல்லட்டைச் சுற்றி இறுகும் (கிரிம்ப்). இந்த இரண்டாவது நிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் சாமர்த்தியம் முழுக்க அங்கேதான் இருந்தது.

கேரேஜில் டெமோ காட்டினார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால் பிரைமரும் பவுடரும் போடாமல் காட்டுகிறேன் என்றார். பொறுப்பான மனிதர் என்று யாருக்கும் தோன்றும். கைப்பிடியை இழுத்தார். கேஸ் ஃபீடர் கடகடவென்று கூடுகளை இறக்கியது, தட்டு திரும்பியது, புல்லட் உட்கார்ந்தது, டம்மித் தோட்டாக்கள் அழகாகப் பெட்டியில் விழுந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் கடைத் தோட்டாவுக்குக் குறைவில்லை. ஆனால் பிரைமரும் பவுடரும் இல்லாமல் ஓட்டினால் இரண்டாவது நிலை வாயைத் திறக்காது. ஆளைக் கொல்லக்கூடிய தவறு நடக்கிற இடமே அதுதான். அதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குக் காட்டப்பட்டது.

வீட்டுக்கு வந்து மேசையில் பூட்டியதும் முதலில் கோளாறு காட்டியது பிரைமர் பகுதி. 9 எம்எம்முக்குச் சின்ன பிரைமர், விட்டம் 0.175 அங்குலம். .45 ஏசிபி போன்ற பெரிய தோட்டாக்களுக்குப் பெரும்பாலும் பெரியது, 0.210. பிரெஸ்ஸில் இருந்த பிரைமர் தட்டு பெரியதற்கானது. சின்ன பிரைமரை அந்த ஓட்டையில் விட்டால் அது சாய்ந்து கிடக்கிறது, சில சமயம் பக்கவாட்டில் நிற்கிறது. பிரைமரை மேலே தள்ளுகிற "பஞ்ச்" என்ற சின்னத் தண்டும் பெரிய அளவு, 9 எம்எம் கூட்டின் குழிக்குள் நுழையவே நுழையாது. அதாவது இந்தப் பிரெஸ் இந்த நிலையில் ஒரு 9 எம்எம் தோட்டாவைக்கூடச் செய்திருக்க முடியாது. .45-க்கு ஓட்டிக்கொண்டிருந்த மெஷினில் ஷெல்பிளேட்டையும் டைகளையும் (கூட்டை வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சுகள்) மட்டும் மாற்றிவிட்டு "9 எம்எம்முக்கு செட் செய்தது" என்று எழுதியிருக்கிறார்.

அடுத்தது பவுடர் மெஷர், பவுடரை அளந்து கொட்டும் பகுதி. கூடு மேலே வந்து முட்டும்போது பவுடர் பார் முன்னால் நகர்ந்து அளவைக் கொட்ட வேண்டும். கைப்பிடி திரும்பும்போது ஃபெயில்சேஃப் கம்பி அந்தப் பாரைப் பிடித்துப் பின்னால் இழுத்து மறுபடி நிரப்ப வைக்கும். அந்தக் கம்பியைக் காணோம். அதற்குப் பதிலாக, காய்கறிக் கட்டில் சுற்றிவரும் தடித்த நீல ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தார். ரப்பரில் ஏற்கெனவே வெடிப்பு விழுந்திருந்தது. பார் பாதியில் நின்றால் அடுத்த கூட்டுக்குக் குறைந்த பவுடர், அல்லது ஒன்றுமே இல்லை. கடையில் புதிதாக வாங்கிய பவுடரைக் கொஞ்சம் போட்டு, பிரைமர் இல்லாத கூடுகளில் கொட்டி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 3 கிரெயின், அடுத்தது கிட்டத்தட்ட 6. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராமுக்கும் குறைவு, 7,000 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. வெளியே சின்ன வித்தியாசமாகத் தெரியும், 9 எம்எம் கூட்டுக்குள் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால் புல்லட் குழலுக்குள் பாதி வழியில் சிக்கும். ஸ்க்விப் என்பார்கள். சத்தம் குறைவாக வரும். கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இதைப் பிடிப்பதற்காகத்தான் மூன்றாவது நிலையில் பவுடர் செக் வைப்பது. அளவு மாறினால் பீப் என்று கத்தும். விளம்பரத்தில் அது உண்டு என்று எழுதியிருந்தது. டைகளை மாட்டும் தலைப்பகுதியான டூல்ஹெட்டில் அந்த ஓட்டை காலி. ஷெல்பிளேட்டின் நடு போல்ட்டைப் பூட்டுகிற சின்ன ஆலன் திருகும் தேய்ந்து வழவழத்துப் போயிருந்ததால், கொஞ்ச நேரம் ஓட்டினாலே தட்டு தளர்ந்து ஆட ஆரம்பித்தது. இது மட்டும் பழைய மெஷினில் சகஜம், இதற்கெல்லாம் நான் யாரையும் திட்ட மாட்டேன்.

இனி "இனாம்" சாமான்கள். பவுடர் புட்டியில் பெயர் பெற்ற பிராண்டின் லேபிள் ஒட்டியிருந்தது, மூடி மட்டும் ஏற்கெனவே திறந்தது. ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பி விளக்கின் கீழ் பார்த்தேன். தட்டையான சாம்பல் நிறச் சில்லுகள், நடுநடுவே பளபளக்கும் குட்டிக் குட்டி உருண்டைகள். ஒரே வகைப் பவுடரில் இப்படி இரண்டு வடிவம் தற்செயலாக வந்துவிடாது. யாரோ இரண்டு புட்டியின் மிச்சத்தை ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள். வேகமாக எரியும் பவுடருக்கும் மெதுவாக எரியும் பவுடருக்கும் அளவே வேறு. கலந்துவிட்டால் எந்தக் கையேட்டிலும் அதற்கு எண் கிடையாது. ஒரிஜினல் புட்டியில், சீல் உடைக்காமல் இல்லாத பவுடரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உங்கள் மாமனாரே கொடுத்தாலும் சரி.

பிரைமர் விஷயம் இதைவிட மோசம். 2020, 21-இல் பிரைமருக்கு வந்த தட்டுப்பாடு பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு ஆயிரம் பிரைமர் என்றாலே மனசு இளகிவிடுகிறது. ஆள் கொடுத்தது மாத்திரை புட்டி. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், உள்ளே பாதிக்கு மேல் பிரைமர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. என் எதிரில் அதைக் காதருகில் வைத்துக் குலுக்கி, "நிறைய இருக்கு, பார்" என்று சிரித்தார். பிரைமர் கலவையில் லெட் ஸ்டிஃப்னேட் இருக்கிறது, அடிபட்டால் வெடிப்பதற்காகவே செய்த பொருள். நூறு நூறாகத் தட்டில், ஒன்றை ஒன்று தொடாதபடி கம்பெனிக்காரன் அடுக்குவது அழகுக்கு இல்லை. ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்காமல் இருப்பதற்கு.

துப்பாக்கிச் சுடும் கிளப்பில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்ச் ஆபீசராக இருக்கும் பெரியவர் ஒருவரை வரச் சொன்னேன். ரப்பர் பேண்டைப் பார்த்துச் சிரித்தவர், புட்டியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அதைத் தொடாதே, நகர்த்தாதே, தீயணைப்புத் துறைக்குப் போன் பண்ணு" என்றார். அவசரமில்லாத எண்ணில் கூப்பிட்டோம், வந்து பிரைமரையும் கலப்புப் பவுடரையும் எடுத்துப் போனார்கள்.

அப்புறம் ஒரு ஜிப் பை நிறைய "நானே செய்த" 9 எம்எம் தோட்டாக்கள். சுட்டுப் பார்க்க என்று கொடுத்திருந்தார். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது என்பது இங்கே பால பாடம். சுத்தி மாதிரி இருக்கும் புல்லரில் (புல்லட்டைக் கழற்றும் கருவி) வைத்துத் தட்டிச் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் பவுடரே இல்லை, இன்னொன்றில் இரட்டை அளவுக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. நடுவில் .380 ஏசிபி என்ற வேறு வகைத் தோட்டாவின் கூடு ஒன்றும் இருந்தது. அதன் நீளம் 17.3 மி.மீ., 9 எம்எம்முக்கு 19.15. இரண்டுக்கும் புல்லட் விட்டம் ஒன்றே என்பதால் மெஷின் முணுமுணுக்காமல் உருட்டிவிட்டது. இவற்றை அவர் மற்றவர்களுக்கு விலைக்கும் கொடுப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். விற்பதற்காகத் தோட்டா தயாரிக்க கூட்டரசின் 06 வகை உரிமம் வேண்டும். அது அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு நான் அனுப்பிய செய்திக்குப் பதிலே இல்லை.

பணம் திரும்புமா? முதலில் "எனக்கு நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். படங்கள் அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். செயலி வழியாக நண்பருக்கு அனுப்புவது போல நானே அனுப்பிய பணம், வங்கி கை விரித்துவிட்டது. டெக்சஸில் சின்ன வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம்தான். ஆனால் ரசீது என்ற பேரில் அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் "உள்ளது உள்ளபடி" என்ற வரியைத் தெளிவாகப் போட்டிருக்கிறார். மற்ற எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கல். விளம்பரத்தின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், போடலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்ன பிரைமர் பகுதி, கம்பி, பவுடர் செக் எல்லாம் வாங்க இன்னும் 300 டாலருக்கு மேல் ஆனது. பெயர் தெரிந்த பிராண்டில் ஒரு நன்மை, இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் 650-க்கு வாழ்நாள் உத்தரவாதம் உண்டு. தேய்ந்ததை மாற்றித் தருவார்கள், ஆனால் பெட்டியில் இல்லவே இல்லாததைக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் பார்க்கப் போனால் சீல் உடைக்காத பிரைமர் தட்டு ஒன்று, உங்கள் பவுடர், கொஞ்சம் பிராஸ், ஒரு தராசு கையோடு கொண்டுபோங்கள். உங்கள் கண்ணெதிரே பத்துக் கூட்டுக்குப் பவுடர் விழட்டும், ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். மெஷரைச் சுற்றிப் பின்பக்கமும் பாருங்கள். வீட்டில் குழந்தைகள், பவுடர் தீர்ந்துபோச்சு, இன்னிக்கு நேரமில்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

ஆபீசில் ஒரு தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, பார்ட்ஸ் எல்லாம் சரியா இருந்தா நானும் ஒண்ணு வாங்கலாமா?" என்றான். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: ஹெச்1பி, ஹெச்4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்காமல் நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவுக்குப் போய்ச் செய்யலாம் என்று நினைக்கவும் வேண்டாம், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார். இந்தத் தடவை ".40-க்கு முழுசாக செட் செய்தது", 1,250 டாலர், ஆயிரம் பிரைமர் இனாம். படத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்த மேசை, இடது ஓரத்தில் ஒரு சிவப்பு வைஸ் (மேசை இடுக்கி). அந்த மேசையைப் பார்த்தால் போன் பண்ண வேண்டாம்.