ஆறாம் ஆண்டில் என் மடிக்கணினி: அந்த ஒரு விசையைத் தவிர

மூன்றாவது தடவையாக விசைப்பலகையை மாற்றிக்கொண்டு வந்து நான்கு நாள் ஆகிறது. 1,600 ரூபாய். இந்த முறை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் அக்காவும் கேட்டிருந்தாள்: "பாப்பா பொறியியல் சேர்ந்திருக்கிறாள். சி மொழி படிக்க எழுபதாயிரத்துக்கு லேப்டாப் வேண்டும் என்கிறார்களே, உண்மையா தம்பி?"

உண்மை இல்லை. 2020-இல் இதை நான் பழைய பொருளாகத்தான் வாங்கினேன். 4 ஜிபி நினைவகம். இரண்டாம் ஆண்டில் வன்தட்டைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டேன். அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். சின்னச் சின்ன நிரல்களை எழுதி ஓட்டிப் பார்க்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே தொகுப்பை நிறுவினால் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர், மேக் என்ற துணைக்கருவி, ஆயத்தச் சார்புகளை (ஃபங்ஷன்களை) நிரலுக்கு அறிமுகப்படுத்தும் தலைப்புக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் ஜிசிசி என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் 'ஏ.அவுட்' என்ற ஓட்டத்தக்க கோப்பு தயார். அதை ஓட்டும்போது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும். நாம் நிற்கும் கோப்புறையில் லினக்ஸ் தானாகத் தேடாது. ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழைய பாடக்குறிப்புகளில் 'கோனியோ.எச்' என்ற தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் ஒரு வரி இருக்கும். அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து டர்போ சி கம்பைலரோடு வந்தது, சி மொழியின் தரவரையறையில் இல்லை. அந்த வரியையும், திரையைத் துடைக்கும் கட்டளை போன்ற அதன் துணைகளையும் நீக்கிவிட்டால் அந்தக் குறிப்பேட்டு நிரல்களில் பல அப்படியே ஓடுகின்றன.

எனக்கு இதில் தீராத மகிழ்ச்சி தருவது ஜிசிசி பிழையைச் சொல்லும் விதம். ஒரு வரியின் இறுதியில் இட வேண்டிய அரைப்புள்ளியை (;) விட்டுவிட்டால், முன்பெல்லாம் அடுத்த வரியைத்தான் குற்றவாளியாகக் காட்டும். அங்கே பார்த்தால் ஒரு தவறும் இருக்காது. 2018-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, விட்ட இடத்திலேயே குறியிட்டு, அதன் கீழே பச்சை நிறத்தில் அந்த அரைப்புள்ளியையே எழுதிக் காட்டுகிறது. டெபியன் 13-க்கு மாறிய பிறகு கிடைத்த ஜிசிசி 14-ஆம் பதிப்பு இன்னும் கண்டிப்பு. தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் ஒரு சார்பை அழைத்தால் வெறும் எச்சரிக்கையோடு விடுவதில்லை, பிழை என்றே நிறுத்திவிடுகிறது. நல்ல வாத்தியாருக்கு அழகு இதுதான்.

இத்தனை இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மூன்று விசைப்பலகையிலும் முதலில் செத்தது அதே அரைப்புள்ளி விசை. வலக்கைச் சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடம் அது. சி எழுதுகிறவனுக்கு வரிக்கு வரி வேண்டிய விசை. தமிழ்99 தட்டச்சு முறையில் அதே விசைதான் 'ந'. அதனால் எனக்கு இரட்டை அடி: நிரலில் அரைப்புள்ளி விழாது, கடிதத்தில் 'நன்றி' என்று அடித்தால் 'ன்றி' என்று நிற்கும். முழுக்கச் செத்துவிட்டாலும் பரவாயில்லை. பத்து தடவையில் எட்டு தடவை விழும், இரண்டு தடவை விழாது. அதுதான் கொடுமை.

போன மாதம் பாப்பா வந்திருந்தபோது முதல் நிரலை இதில்தான் எழுத வைத்தேன். ஐந்தே வரி. மூன்று முறையும் அரைப்புள்ளி இல்லை என்ற அதே பிழை. "போட்டேன் மாமா, சத்தியமாகப் போட்டேன்" என்றவளின் குரல் உடைந்துவிட்டது. எது தன் பிழை, எது விசையின் பிழை என்று முதல் நாள் கற்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கணினி தனக்கு வராது என்று அவள் அன்றே முடிவு கட்டியிருந்தால்? அந்த விசையை நான் மன்னிக்கவே போவதில்லை.

பழுதுபார்ப்பவர் மீது குறை சொல்ல மாட்டேன். தயாரித்தவர்களே விசைப்பலகையை மேல் மூடியோடு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு விசைக்காக அத்தனை குமிழையும் சீவியெடுத்து, முழுப் பலகையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மனிதர் இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக்கொள்ளலாமே என்று அவரும் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறவனுக்கு அது எப்படிச் சரிப்படும்?

அக்காவிடம் சொல்லிவிட்டேன்: பழையதே போதும், பதினைந்தாயிரத்துக்குள் பார், ஆனால் இந்த மாடல் வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும் கடையிலேயே அரைப்புள்ளியை நூறு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு.

கிளம்பும்போது பழுதுபார்ப்பவர், "ஏழாயிரம் தருகிறேன், இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் சார்" என்றார். கொடுக்க மனம் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.