கொடைக்கானல் ஞாயித்துக்கிழமை சந்தை: பூண்டு வாங்கப் போனவனோட ரிவ்யூ

கொடைக்கானல்னாலே எல்லாரும் ஏரி, பில்லர் ராக்ஸ், சாக்லேட் கடைன்னுதான் ரிவ்யூ போடுறாங்க, நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஞாயித்துக்கிழமை கூடுற சந்தைக்குப் போடுறேன். ஏன்னா பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைன்னு மேல்மலை ஊர்க்காரங்களுக்கு கொடைக்கானல்னா இதுதான். வாரத்துக்கு ஒருதடவை வந்து அரிசி பருப்புல இருந்து கருவாடு, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வரைக்கும் வாங்கிட்டு பஸ் ஏறுறாங்க, மூட்டைக்குத்தான் சீட்டு, ஆளுக்கு இல்ல.

காய் விஷயத்துல ஒண்ணு கவனிங்க. கேரட், பீன்ஸ், உருளை, முள்ளங்கி, இதெல்லாம் மலையில வெளையுறது, அதுலயும் மண்ணோட இருக்க கேரட்டா பாத்து எடுங்க. தக்காளி, கத்திரிக்கா, முருங்கக்காலாம் கீழ இருந்து வண்டியில ஏறி வர்றது. பக்கத்துல ஒருத்தர் மலைக்கத்திரிக்கான்னு மூணு கிலோ அள்ளுனாரு, எந்த ஊருண்ணேன்னு கேட்டா வத்தலக்குண்டுங்கிறாரு! மலைக்குக் கீழ அடிவாரத்துல இருக்க ஊரு, அந்தக் கத்திரிக்கா காலைல அங்க இருந்து ஏறுன காயாக்கூட இருக்கும், பாவம் சாயங்காலம் திரும்ப அங்கயே இறங்குது.

நான் போனது பூண்டுக்கு. 2019ல புவிசார் குறியீடு வாங்குன கொடைக்கானல் மலைப்பூண்டு. போன தடவை டூரிஸ்ட் ரோட்டுல ஒரு கடையில மலைப்பூண்டுன்னு சொல்லிக் குடுத்ததை வாங்கிட்டுப் போனா அம்மா மோந்து பாத்துட்டு "இது வடக்கத்தி பூண்டுடா"ன்னு ஓரமா வச்சிட்டாங்க. இந்தவாட்டி சந்தையில ஒரு அக்காகிட்ட, தாளோட சேத்துக் கட்டுன கொத்து, தோலு புகை பிடிச்சு லேசா பழுப்பா இருக்கு, ஒரு பல்லை நசுக்குனா கண்ணு எரியுது, காரம் அப்படி. அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிட்டதாம், அதான் மாசக்கணக்குல கெடாம நிக்குதாம்.

"ஏக்கா இவ்ளோ கொஞ்சமா வச்சிருக்கீங்க"ன்னேன். "நல்ல பூண்டெல்லாம் வடுகபட்டிக்குப் போயிருச்சு தம்பி, இங்க உக்காந்து கால் கிலோ அரை கிலோன்னு நிறுத்துக்கிட்டு இருந்தா வித்து முடியுமா, அங்க மூட்டையா போட்டா மொத்தமா காசு வாங்கலாம்"னாங்க. பெரியகுளம் பக்கத்துல இருக்கு வடுகபட்டி, பூண்டு மண்டிக்கே பேர் போன ஊரு. மலையில வெளஞ்சது அங்க இறங்கிதான் வெலை பேசுது, நமக்கு இங்க கெடைக்கிறது மிச்சம் மீதி, ஆனா அந்த மிச்சமே இப்படி இருக்கு பாருங்க.

ஆகஸ்ட்ல போனதால பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் நெறைய இருந்துச்சு, ப்ளம்ஸ் வேணும்னா மே மாசமே வந்துருங்க. மழை பேஞ்சா சேறு, பார்க்கிங்கு பெரிய தலைவலி, கார்ல வர்றவங்க இ-பாஸ் முன்னாடியே எடுத்துருங்க, மஞ்சப்பையும் மறக்காதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

பூண்டுக் கொத்தை மட்டும் டிக்கியில போடுங்க, நான் பின்சீட்டுல வச்சிட்டு மதுரை வரைக்கும் ஜன்னலை எறக்கியே ஓட்டுனேன்.