ரெண்டு பக்கமும் வெர்ஷன் 11தான், ஆனால் அக்கா கணக்கு மட்டும் காலி: போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகாவோடு என் அனுபவம்

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கும் அண்ணன் போன வாரம் போன் பண்ணினார். "ரிப்போர்ட்டுக்குன்னு தனி சர்வர் போடப்போறேன் தம்பி. பழசுல சென்டோஸ் 7, புதுசுல டெபியன் 12. போஸ்ட்கிரெஸ் ரெண்டுலயும் ஒரே வெர்ஷன்தான். பிரச்சினை வராதுல்ல?"

வரும் அண்ணே. எப்படி வரும் என்பதைப் போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன். (போஸ்ட்கிரெஸ் என்பது டேட்டாபேஸ் மென்பொருள்; சென்டோஸும் டெபியனும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டங்கள்.)

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் தொழிற்சாலை எங்களுடையது. 2019 முதல் இலை எடை, உரத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை எல்லாமே போஸ்ட்கிரெஸில்தான். மெயின் சர்வர் தொழிற்சாலையில் இருக்கிறது. அதன் ரெப்ளிகா, அதாவது அதன் டேட்டாவைத் தொடர்ந்து நகல் எடுத்து வைத்திருக்கும் சர்வர், குன்னூர் அலுவலகத்தில். ரிப்போர்ட் எடுக்கும் மூன்று கணினிகளும் ரெப்ளிகாவைத்தான் கேட்கும். எடை போடும் நேரத்தில் மெயின் சர்வரைத் தொடாது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்டும் லைனும் ஒரு நாள் முழுக்க இல்லாமல் போகும். லைன் வந்ததும் ரெப்ளிகா விட்ட இடத்திலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். நான் போய் எதையும் தொட வேண்டியதில்லை. இதற்காக இந்த மென்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

அந்த வருடக் கடைசியில் ரெப்ளிகாவின் டிஸ்க் செத்தது. புது டிஸ்க் போட்டு டெபியன் 10 ஏற்றினேன். மெயினில் டெபியன் 9. போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் 11. மெயினில் 11, ரெப்ளிகாவில் 12 என்று வைத்திருந்தால் அது எழுந்தே இருக்காது. டேட்டா வேறு வெர்ஷனுடையது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். இங்கே எண் ஒன்றாக இருந்ததால் எழுந்தது, ஓடியது, லாக் சுத்தமாக இருந்தது.

மாதக் கணக்கு கொடுக்கும் அன்று ஒரு அக்கா பாஸ்புக்கோடு வந்தார். "என்ன தம்பி, போன மாசம் நான் இலையே போடலையா?" ரிப்போர்ட்டில் அவர் எண் 1-12. பக்கம் காலி. ஆனால் மாத மொத்தக் கிலோ தொழிற்சாலை எடைப் பதிவோடு சரியாக நிற்கிறது. மெயின் சர்வரில் தேடினால் அக்கா இருக்கிறார், 26 நாள் இலை போட்டிருக்கிறார். ரெப்ளிகாவில் இல்லை. தேடிப் பார்த்ததில் இன்னும் சிலரும் இல்லை. டேட்டா நகல் ஆகவில்லை என்று நினைத்து இரண்டு நாள் நெட்வொர்க்கைக் குடைந்தேன்.

டேட்டா முழுசாகத்தான் வந்திருந்தது. சிக்கல் வரிசையில். எழுத்துகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதை, எங்களுடையது போன்ற வழக்கமான அமைப்பில், போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஜிலிப்சி நூலகத்தைக் கேட்கும். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த ஒழுங்கை மாற்றியது. டெபியன் 9இல் இருந்தது 2.24, டெபியன் 10இல் 2.28. பழையது எண்ணின் நடுவில் உள்ள '-' கோட்டைக் கண்டுகொள்ளாது. 11-1ஐ 111 போலவும் 1-12ஐ 112 போலவும் பார்த்து, 11-1ஐ முன்னால் வைக்கும். புதியது கோட்டையும் கணக்கில் எடுத்து 1-12ஐ முன்னால் வைக்கும். இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல், மெயினில் பழைய ஒழுங்கில் அடுக்கியது. ரெப்ளிகா அதில் புதிய ஒழுங்கில் தேடுகிறது. இல்லாத பக்கம் போய்ப் பார்த்துவிட்டு "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பி வருகிறது. மொத்தம் போடும்போது இண்டெக்ஸைத் தொடாமல் எல்லா வரிகளையும் வாசித்ததால் மொத்தம் மட்டும் சரியாக வந்தது.

ரீஇண்டெக்ஸும், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவதும், உதவாது. ரெப்ளிகாவில் எழுத முடியாது. மெயினில் போட்டால் அதே பழைய ஒழுங்குதான் மறுபடி வரும். ரெப்ளிகாவை டெபியன் 9இல் திரும்பக் கட்டினேன். பிறகு விவசாயி எண் இருக்கும் பத்திகளை எல்லாம் 'சி' கொலேஷனுக்கு (கொலேஷன் என்றால் எழுத்துகளை அடுக்கும் ஒழுங்கு) மாற்றினேன். அது பைட் வரிசை, எந்த சிஸ்டத்திலும் மாறாது.

நியாயமாகச் சொன்னால், இந்த எச்சரிக்கை ஆவணங்களில் இருக்கிறது. 2022இல் வந்த 15ஆம் வெர்ஷனிலிருந்து இணையும்போதே கொலேஷன் வெர்ஷன் பொருந்தவில்லை என்று எச்சரிக்கையும் வருகிறது. இப்போது இரண்டிலும் டெபியன் 12, போஸ்ட்கிரெஸ் 16. ஆனால் இணையும்போது வருவது வெறும் எச்சரிக்கைதான். ரிப்போர்ட் மென்பொருள் அதை விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப்பின் பழைய வெர்ஷனை வைத்துப் புது சர்வரை பேக்கப் எடுக்கப் போனால், வெர்ஷன் பொருந்தவில்லை என்று மறுத்து நின்றுவிடுகிறது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். பேக்கப்புக்கு இருக்கும் கண்டிப்பு, ஒரு மனுஷியின் ஒரு மாத உழைப்பை 'இல்லை' என்று சொல்லும் இடத்தில் ஏன் இல்லை? அன்று அந்த அக்கா பாஸ்புக் கொண்டு வராமல் இருந்திருந்தால்? இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் மேலே இவ்வளவு பாராட்டியும் சொல்கிறேன்: அண்ணே, தனி ரிப்போர்ட் சர்வர் வேண்டாம். ராத்திரியில் மெயினிலேயே ரிப்போர்ட் ஓட்டுங்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் அதே சிஸ்டம், அதே ஜிலிப்சி. முதலில் இரண்டு இயந்திரத்திலும் ஒரே லொக்கேலை (மொழி, வரிசை அமைப்பை) வைத்து 1-1, 11 என்ற இரண்டு வரிகளை, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1. இரண்டிலும் ஒன்றே வந்தால் மறுபடி கூப்பிடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.